கல்லூரி ஆண்டு மலர் தயாரிப்பது எப்படி: பெயர்ப்பட்டியலில் தொடங்கி பைண்டிங் வரை

நம் ஊர்க் கல்லூரி ஆண்டு மலர் எதையாவது எடுத்துப் புரட்டிப் பாருங்கள். முதலில் வாழ்த்துரைகள், அப்புறம் துறை அறிக்கைகள், என்.எஸ்.எஸ். முகாம் படங்கள், அம்மாவைப் பற்றிச் சில கவிதைகள், எங்கிருந்தோ எடுத்த பொன்மொழிகள். கடைசிப் பக்கங்களில் இறுதியாண்டு மாணவர்களின் குழுப்படம். அதன் கீழே "பி.எஸ்சி. இயற்பியல், மூன்றாம் ஆண்டு" என்று ஒரே ஒரு வரி. அறுபது பேர் நிற்கிறார்கள், ஒருவருக்கும் பெயர் போடவில்லை.

எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரிகிறது. கல்லூரி அலுவலகத்தில் மதிப்பெண் பதிவேடு இருக்கும், கட்டண ரசீது இருக்கும், ஆனால் அந்த வருடம் அங்கே யார் யார் இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எந்தப் பஸ்ஸில் வந்தார்கள், எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பதற்கு வேறு எங்கும் பதிவு கிடையாது. வாட்ஸ்ஆப் குழு இருக்கிறதே என்பீர்கள். போன் மாறும், எண் மாறும், கூகுள் டிரைவ் இணைப்பை உருவாக்கியவர் கணக்கை மூடிவிடுவார். அச்சடித்த புத்தகம் அலமாரியில் அப்படியே இருக்கும். ஆகவே மலர்க்குழுவில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டார்கள் என்றால், அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

கொஞ்சம் வரலாறு, ஏனென்றால் அதில்தான் நமக்கான முடிவு இருக்கிறது

அமெரிக்கக் கல்லூரிகளில் இயர்புக், அதாவது அவர்களுடைய ஆண்டு மலர், வளர்ந்த விதம் வேறு. யேல் பல்கலைக்கழகத்தின் 'பேனர்' என்ற மலர் 1841-லிருந்து வருகிறது. அப்போது அது சில பக்கப் பெயர்ப்பட்டியல் மாதிரிதான் இருந்தது. அப்புறம் பாஸ்டன் பக்கத்துப் புகைப்படக்காரர் ஜார்ஜ் வாரன், மாணவர்களைத் தனித்தனியாகப் படம் எடுத்து, ஒரே நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். மாணவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களின் படங்களை வாங்கி ஆல்பமாகக் கட்டிக்கொண்டார்கள். 1880களில் எழுத்தோடு சேர்த்துப் படத்தையும் அச்சடிக்கும் ஹாஃப்டோன் முறை பரவியதும், அந்த ஆல்பமும் பெயர்ப்பட்டியலும் ஒரே புத்தகமாகின. முதலிலிருந்தே அங்கே மையம் ஆள்தான்: முகம், பெயர், ஊர், எந்தச் சங்கத்தில் இருந்தார்.

நம்மிடம் மையம் எழுத்து. மாணவர் எழுதிய கட்டுரையும் கவிதையும்தான் நம் மலரை நிறைத்தன. அதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட இளங்கதிர் இதழ்களை, ஈழத்து வெளியீடுகளை ஸ்கேன் செய்து வைக்கும் 'நூலகம்' என்ற இணையதளத்தில் படித்துப் பாருங்கள், மாணவர் மலர் எந்த உயரத்துக்குப் போக முடியும் என்று தெரியும். ஆள் பற்றிய பதிவை நாம் மலருக்கு வெளியே வைத்துக்கொண்டோம்: ஆட்டோகிராஃப் நோட்டில். பிரிவுபசார விழா நெருங்கும்போது கைமாறிக் கைமாறிப் போகும் அந்த நோட்டுதான் உண்மையில் நம் இயர்புக், ஆனால் அது ஒருவர் வீட்டுப் பரணில் முடிந்துவிடும், கல்லூரிக்கு வராது.

நான் சொல்லப் போவது இரண்டையும் சேர்ப்பது. எழுத்து இருக்கட்டும், கூடவே ஆட்களும் அன்றாடமும் வரட்டும்.

குழு, காலம்

மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியர், பொறுப்பாசிரியராக ஒரு மாணவர், துறைக்கு இருவர், படம் எடுக்க மூன்று நான்கு பேர், கணக்குக்கு ஒருவர். துறைக்கு இருவரில் ஒருவர் இறுதியாண்டு, இன்னொருவர் இரண்டாம் ஆண்டு என்று வையுங்கள். இறுதியாண்டுக்காரர் கேம்பஸ் இன்டர்வியூ, ப்ராஜெக்ட் என்று போய்விடுவார், அடுத்த வருட மலருக்கு அனுபவமுள்ள ஆளும் வேண்டும்.

குழுவில் யார் இல்லை என்று பார்ப்பதுதான் இதில் முக்கியம். இரண்டாம் சுழற்சி, அதாவது மதியம் வகுப்பு தொடங்கும் மாணவர்கள் நம் மலர்களில் பெரும்பாலும் கிடையாது, ஏனென்றால் மலர்க்கூட்டம் காலையில் நடக்கும். ஹாஸ்டல் மாணவர்கள் மட்டும் குழுவில் இருந்தால் டே ஸ்காலர்களின் வாழ்க்கை, அந்த ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம், புத்தகத்தில் வராது. ஆராய்ச்சி மாணவர்கள் ஐந்தாறு வருடம் அங்கேயே இருந்தாலும் எந்த வகுப்புப் படத்திலும் இருக்க மாட்டார்கள். ஆய்வக உதவியாளர், வாட்ச்மேன், மெஸ் மாஸ்டர், நூலகத்தில் புத்தகம் எடுத்துத் தரும் அக்கா, இவர்களுக்கும் ஆள் ஒதுக்குங்கள்.

காலம் பற்றி: பிப்ரவரியில் ஆரம்பித்து ஏப்ரலில் முடிக்க முடியாது. முடித்தாலும் அதில் பிப்ரவரியும் மார்ச்சும் மட்டும்தான் இருக்கும். ஜூலையிலேயே குழு கூடட்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் பெயர்ப்பட்டியலும் தனிப்படங்களும். ஒற்றைப் பருவத் தேர்வு முடிவதற்குள் பாதிக் கட்டுரைகள் கைக்கு வர வேண்டும். பொங்கல் விடுமுறைக்கு அப்புறம் லே-அவுட், பிப்ரவரி கடைசியில் எல்லாம் அச்சகத்துக்கு. மார்ச் மாதத்துக் கல்லூரி நாள் விழாவும் மலரில் வந்தே ஆக வேண்டும் என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அதற்காகக் காத்திருந்தால் மாணவர்கள் ஊருக்குப் போன பிறகுதான் புத்தகம் வரும், வாங்க ஆளிருக்காது. போன வருடக் கல்லூரி நாளை இந்த வருட மலரில் போடுங்கள், ஒரு கணக்கும் குறையாது.

பெயர்ப்பட்டியல்

இந்த வேலையை அலட்சியமாகச் செய்த மலர் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை என்பது என் கருத்து. அதனால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

அலுவலகத்திலிருந்து வருகைப்பதிவுப் பட்டியலை வாங்குவது தொடக்கம்தான். அதில் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும், இனிஷியல் சில இடத்தில் முன்னால், சில இடத்தில் பின்னால். அதை நீங்களாகத் தமிழில் எழுதாதீர்கள். ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதும் பெயர் தமிழில் கவிதாவா கவித்தாவா, தனமா தானமா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொருவரும் தன் கையால் தமிழில் ஒருமுறை எழுதிக் கொடுக்க வேண்டும். வகுப்பில் தாளைச் சுற்றவிட்டால் பத்து நிமிடம், அவ்வளவுதான்.

அடுத்து, நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக், இரண்டு பிரியா, அதில் இரண்டு பேருக்கு ஒரே இனிஷியல். இருபது வருடம் கழித்து யாராவது தேடினால் "எஸ். பிரியா" என்பது ஆயிரம் பேராக இருக்கலாம். பெண்களுக்கு இன்னும் சிக்கல்: திருமணத்துக்குப் பிறகு நிறையப் பேருக்கு இனிஷியல் கணவர் பெயருக்கு மாறிவிடுகிறது, அப்போது மலரில் உள்ள "எஸ். பிரியா"வையும் இன்றைய "ஆர். பிரியா"வையும் இணைக்க வழியே இல்லை. இதற்கு எளிய தீர்வு சொந்த ஊர். பெயர், இனிஷியல், துறை, ஊர். "எஸ். பிரியா, கணிதம், மானாமதுரை" என்று போட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அப்பா பெயரை முழுதாகப் போடலாமே என்று சிலர் சொல்வார்கள், ஆனால் அம்மா பெயரை இனிஷியலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அப்பா பெயரைச் சொல்ல விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். ஊரே போதும். ஊரைப் போடவும் விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

புத்தகத்தின் கடைசியில் பெயர் அகரவரிசை ஒன்று கட்டாயம் வேண்டும், இனிஷியலை விட்டுவிட்டு இயற்பெயரை வைத்து. இரண்டு மூன்று பக்கம்தான் பிடிக்கும். நான் பார்த்த நம் மலர்களில் இது அநேகமாக இருந்ததில்லை.

முதலாண்டில் சேர்ந்து, நடுவில் நின்றுபோனவர்கள் உண்டு. பணம் கட்ட முடியாமல், கல்யாணம் ஆகி, வேறு கல்லூரிக்கு மாறி, உடம்பு சரியில்லாமல். அலுவலகப் பட்டியலில் அவர்கள் பெயர் நீக்கப்பட்டிருக்கும், வகுப்பில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைத் தொடர்புகொண்டு, சம்மதம் கேட்டு, "எங்களோடு படித்தவர்கள்" என்று சேர்த்துவிடுங்கள். காரணம் எழுத வேண்டாம், பெயர் போதும். ஒரு பிரதியும் அவர்களுக்கு அனுப்புங்கள்.

படிக்கும்போதே இறந்துபோன நண்பர் இருந்தால் அவர் குடும்பத்தைப் போய்ப் பாருங்கள், போனில் கேட்க வேண்டாம். படம் அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். ஒரு தனிப்பக்கம், அவரை நன்றாகத் தெரிந்த ஒருவர் எழுதிய ஒரு சின்ன நினைவு. கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் வாசகம் வேண்டாம், அவர் என்ன செய்வார், எப்படிப் பேசுவார் என்று எழுதுங்கள்.

குழுப்படம்

காலை எட்டரை, ஒன்பது மணிக்குள் எடுத்துவிடுங்கள். நம் ஊர் மதிய வெயிலில் எல்லோர் கண்ணும் சுருங்கி, கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழுந்து, ஒருவர் முகமும் தெளிவாக இருக்காது. நேர்வெயில் வேண்டாம், கட்டட நிழல் நல்லது. முதல் வரிசை நாற்காலி, அடுத்தது நிற்பவர்கள், அதற்குப் பின் பெஞ்சில் நிற்பவர்கள், இந்த மூன்று வரிசைக்கு மேல் போகாதீர்கள். அறுபது பேரை ஒரே படத்தில் அடைத்து அதை அரைப்பக்கத்தில் போட்டால் முகம் மிளகளவுதான் வரும். இரண்டு பிரிவாகப் பிரித்து எடுங்கள்.

படம் எடுத்த அடுத்த நிமிடம், யாரையும் கலையவிடாமல், ஒருவர் போனில் வீடியோவைப் போட்டுக்கொண்டு வரிசையாக நடக்கட்டும். இடமிருந்து வலமாக ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்ல வேண்டும். மூன்று வரிசைக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகும். இதைச் செய்யாமல் விட்டால், டிசம்பரில் உட்கார்ந்து "இரண்டாம் வரிசை ஏழாவது யார்?" என்று குழுவில் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அன்று வராதவர்களின் பெயரை "படத்தில் இல்லாதவர்கள்" என்று கீழே போடுங்கள்.

அப்புறம் தரம். யாரும் வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். அச்சுக்கு 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும், அதாவது ஏ4 முழுப்பக்கப் படத்துக்கு ஏறக்குறைய 2,480-க்கு 3,508 பிக்சல். 1,600 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கிய படத்தை 13 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரைதான் தெளிவாக அச்சடிக்க முடியும். டாக்குமெண்டாக அனுப்பினால் படம் சுருங்காது. இன்னும் நல்லது, ஒரு பென் டிரைவை எடுத்துக்கொண்டு நேரில் போய் வாங்குவது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதி, இடம், யார் எடுத்தார் என்ற மூன்றும் இருக்கட்டும். படம் எடுத்தவர் பெயர் மலரிலும் வர வேண்டும்.

அன்றாடத்தை எப்படிப் பதிவது

விழாவுக்கு ஆயிரம் படம் கிடைக்கும். சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு படமும் கிடைக்காது. ஆகவே ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், விழா, தேர்வு எதுவும் இல்லாத நாள். குழுவில் உள்ள எல்லோரும் காலை ஐந்தரையிலிருந்து இரவு பதினொன்று வரை பிரித்துக்கொண்டு அந்த ஒரு நாளை மட்டும் பதியுங்கள். ஹாஸ்டலில் குளியலறை வரிசை, முதல் பஸ் வருவது, கேட்டில் ஐ.டி. கார்டு பார்ப்பது, கடைசி பெஞ்ச், லேபில் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க நிற்பவர்கள், மரத்தடியில் சாப்பாட்டு டப்பாக்கள், மாலையில் கிரவுண்ட், இரண்டாம் சுழற்சி முடிந்து இருட்டில் பஸ் ஸ்டாப்புக்கு நடப்பவர்கள். பத்துப் பதினைந்து பக்கத்துக்கு இதுவே வரும். என்னைக் கேட்டால் மலரின் உயிர் இந்தப் பக்கங்கள்தான்.

படம் எடுக்கும் கையோடு எழுத்தாகவும் சேர்க்க வேண்டியவை இருக்கின்றன. கேன்டீன் விலைப்பலகை அப்படியே: டீ எவ்வளவு, பரோட்டா எவ்வளவு. மெஸ்ஸின் ஒரு வாரப் பட்டியல். எந்த எண் பஸ் எத்தனை மணிக்கு எந்த ஊரிலிருந்து. செமஸ்டர் கட்டணம், அரியர் பேப்பர் ஒன்றுக்கு எவ்வளவு. ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு எத்தனை பைசா. இன்றைக்கு இதெல்லாம் எழுதத் தகுந்த விஷயமா என்று தோன்றும், பரவாயில்லை, எழுதுங்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய மலரில் இப்படி ஒரு பக்கம் இருந்தால் நீங்கள் எப்படிப் படிப்பீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

பேச்சுவழக்கையும் விடாதீர்கள். கப் வாங்குவது, ஓபி அடிப்பது, பிட், படிப்ஸ், மொக்கை போடுவது என்று பொதுவாக எங்கும் இருப்பவை ஒரு பக்கம், உங்கள் கல்லூரிக்கு மட்டுமே உரிய சொற்கள் இன்னொரு பக்கம்: குறிப்பிட்ட மரத்துக்கு ஒரு பெயர், குறிப்பிட்ட படிக்கட்டுக்கு ஒரு பெயர். யார் வைத்தது என்று கேட்டு எழுதுங்கள். மூத்த ஆசிரியர்களிடமும் பழைய மாணவர்களிடமும் கேட்டால் அந்தப் பெயர் எத்தனை வருடமாக இருக்கிறது என்பது தெரியும்.

கட்டுரை கேட்கும் விதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "கல்லூரி வாழ்க்கை பற்றி எழுது" என்று கேட்டால் "பசுமையான நினைவுகள்" என்றுதான் வரும், அதில் தப்பில்லை, ஆனால் எல்லோருடையதும் ஒன்றாக இருக்கும். சின்னதாகக் கேளுங்கள். முதல் நாள் யாரோடு வந்தாய், என்ன சட்டை? ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் என்ன இருந்தது? முதன்முதலில் ஆங்கிலத்தில் செமினார் எடுத்த அன்று என்ன நடந்தது? உன் வீட்டில் முதல் பட்டதாரி நீ என்றால், அந்தச் செய்தியை வீட்டில் எப்படிச் சொன்னார்கள்? எழுத வராது என்பவரிடம் பேசிப் பதிவு செய்து, அவர் சொன்ன மாதிரியே எழுதிக் கொள்ளுங்கள். அவர் ஊர்ப் பேச்சைத் திருத்தாதீர்கள். சாட்ஜிபிடியில் எழுதி வாங்கிய கட்டுரைகள் இப்போது வண்டி வண்டியாக வரும். அவற்றை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, எழுதியவரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும், நல்ல கட்டுரை ஒன்று வந்துவிடும்.

ஆட்டோகிராஃப் நோட்டு வைத்திருக்கும் பழைய மாணவர்கள், ஆசிரியர்கள் யாராவது உங்கள் கல்லூரியில் நிச்சயம் இருப்பார்கள். சம்மதம் வாங்கி இரண்டு மூன்று பக்கங்களை ஸ்கேன் செய்து போடுங்கள்.

எதைப் போடக் கூடாது

பட்டப்பெயர். எல்லோரும் சிரித்துக்கொண்டே கூப்பிடும் பெயர் என்றாலும் அது நிறத்தை, உடம்பை, திக்குவாயை, சாதியை, மதத்தைச் சுட்டினால் அச்சில் வரவே கூடாது. மற்றப் பட்டப்பெயரும் அவரே எழுதிக் கொடுத்தால் மட்டும். வகுப்பில் பேசிச் சிரித்தது அன்றோடு போய்விடும், அச்சில் வந்தது அவருடைய பிள்ளைகள் வரை போகும்.

யாரையும் யாரோடும் சேர்த்து எழுதாதீர்கள், ஜாடையாகக்கூட. இது விளையாட்டாக முடியாது. ஒரு வரியைப் பார்த்துவிட்டு வீட்டில் பெண்ணின் படிப்பையே நிறுத்துகிற நிலைமை நம் ஊரில் இன்னும் இருக்கிறது. பிரிவுபசார விழாவில் வேடிக்கையாகக் கொடுக்கும் பட்டங்களையும் இதே கண்ணோடு பாருங்கள்.

போன் எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி, ஐ.டி. எண் எதுவும் வேண்டாம். பழைய மலர்களில் முகவரிப் பட்டியல் இருக்கும், அந்தக் காலம் வேறு. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. பெயர், படம், ஊர், எழுதிய வரிகள், இவற்றை அச்சிலும் பி.டி.எஃப்.பிலும் வெளியிடச் சம்மதம் என்று ஒரே தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இணையத்தில் தன் படம் வர வேண்டாம் என்பவருக்கு அதை மட்டும் மறுக்க ஒரு கட்டம் இருக்கட்டும்.

பணம்

நிறையக் கல்லூரிகளில் கட்டணத்தோடு மலருக்கென்று ஒரு சிறு தொகையை வாங்கிவிடுகிறார்கள். எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எவ்வளவு உங்கள் கைக்கு வரும் என்று முதல்வரிடம் ஜூலையிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதை வைத்துத்தான் பக்கம் எத்தனை, கலர் எத்தனை என்று தீர்மானிக்க முடியும். அச்சகங்கள் மூன்றிலாவது கொட்டேஷன் வாங்குங்கள், எல்லோரிடமும் ஒரே விவரம் சொல்லி: அளவு, பக்கம், கலர் பக்கம், தாள், அட்டை, பைண்டிங், பிரதி எண்ணிக்கை. சிவகாசியில் மலிவு என்று சொல்வார்கள், பெரும்பாலும் உண்மைதான், ஆனால் மெய்ப்புக்கும் (அச்சுக்கு முன் பிழை பார்ப்பதற்கும்) கலர் பார்க்கவும் போய்வர வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் சேர்த்து முடிவெடுங்கள்.

விளம்பரம் வாங்கினால் கடைசியில் ஒரே இடத்தில் போடுங்கள், மாணவர் பக்கத்துக்கு நடுவில் வேண்டாம். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடை, டீக்கடை, மெஸ் விளம்பரங்கள் உண்மையில் நல்ல ஆவணம். ஒவ்வொரு பைசாவுக்கும் ரசீது.

தமிழ் எழுத்துரு, லே-அவுட்

எல்லாமே யூனிகோடில்தான் இருக்க வேண்டும். டி.டி.பி. சென்டர்களில் இன்னும் பாமினி, ஸ்ரீலிபி போன்ற யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அச்சில் அழகாகத்தான் வரும். ஆனால் அந்தக் கோப்பை பி.டி.எஃப். ஆக்கினால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான், அதில் "மானாமதுரை" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. பெயருக்காக இவ்வளவு பாடுபட்டுவிட்டு, அந்தப் பெயரைத் தேட முடியாமல் செய்துவிடக் கூடாது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடையும் அச்சுத்துறைக்கு டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்துவிட்டது, பழைய எழுத்துரு பிடிவாதத்துக்கு இப்போது காரணமில்லை.

லே-அவுட் மென்பொருளான இன்டிசைனில் தமிழ் உடைந்து, கொம்பு தனியாக, எழுத்து தனியாக வருகிறது என்றால் பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். காசு கொடுக்க முடியாது என்றால் ஸ்கிரைபஸ் இலவசம், 1.5.3 பதிப்பிலிருந்து தமிழைச் சரியாகக் காட்டுகிறது. எழுத்துருக்களில் நோட்டோ தமிழ், முக்தா மலர், கேட்டமரான் எல்லாம் இலவசமாகக் கிடைப்பவை. புத்தகம் முழுக்க இரண்டு எழுத்துரு போதும். கட்டுரைகளின் எழுத்து கறுப்பு மை மட்டுமாக இருக்கட்டும், நான்கு மையும் கலந்த கறுப்பாக இருந்தால் அச்சில் கொஞ்சம் விலகினாலும் எழுத்து மங்கலாகத் தெரியும். படங்களைத் திரைக்கான ஆர்.ஜி.பி. நிறமுறையிலிருந்து அச்சு மைகளுக்கான சி.எம்.ஒய்.கே.வுக்கு மாற்றிய பின் ஒருமுறை பாருங்கள், பட்டுப் புடவைகளின் நிறம் கொஞ்சம் இறங்கும். பக்கத்தின் ஓரம் வரை போகும் படத்துக்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாது.

வாழ்த்துரைகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் சேர்த்து நான்கு பக்கத்துக்குள் அடக்கப் பாருங்கள். ஆசிரியர்களிடம், "வாழ்த்துக்குப் பதில் நீங்கள் இங்கே சேர்ந்த வருடம் கல்லூரி எப்படி இருந்தது என்று எழுதித் தாருங்கள், ஐயா" என்று கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகத் தருவார்கள்.

மெய்ப்பு

எழுத்துப்பிழை பார்ப்பது தமிழ்த்துறையின் வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். அவர்கள் ஒற்றுப்பிழை பார்ப்பார்கள், பெயர் அவர்களுக்குத் தெரியாது. வகுப்புப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து அந்தந்த வகுப்புக் கதவில் இரண்டு நாள் ஒட்டிவையுங்கள், ஒரு சிவப்புப் பேனாவையும் கட்டித் தொங்கவிடுங்கள். தன் பெயர் தப்பாக இருந்தால் யாரும் சும்மா போக மாட்டார்கள். கடைசியாக அச்சகம் தரும் கலர் ப்ரூஃபில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

அச்சு, தாள், பைண்டிங்

சில நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் பிரிண்டிங், ஆயிரத்தைத் தாண்டினால் ஆஃப்செட்தான் கட்டுப்படியாகும். இடையில் இருந்தால் இரண்டுக்கும் விலை கேளுங்கள். பக்க எண்ணிக்கை ஃபாரம் கணக்கில் (ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கங்கள்) வர வேண்டும், ஏ4 அளவில் பெரும்பாலும் 8 அல்லது 16 பக்கம் ஒரு ஃபாரம். 98 பக்கம் என்று போய் நின்றால் அந்த இரண்டு பக்கத்துக்காகத் தாள் வீணாகும். படப் பக்கங்களுக்கு 130 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) ஆர்ட் பேப்பர், எழுத்துப் பக்கங்களுக்கு 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ என்ற சாதாரண வெள்ளைத்தாள், மேலட்டைக்கு 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு. கலரை ஒரு சில ஃபாரங்களில் சேர்த்து வைத்துக்கொண்டு மீதியைக் கறுப்பு வெள்ளையாக அடித்தால் செலவு நன்றாகக் குறையும்.

பைண்டிங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். வெறும் பசையால் ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங்கில், அதுவும் வழவழப்பான ஆர்ட் பேப்பரில், பசை சரியாகப் பிடிக்காது, சில வருடத்தில் பக்கம் பக்கமாகக் கையோடு வரும். ஃபாரங்களை நூலால் தைத்து அப்புறம் ஒட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடுதல் செலவாகும், அதற்காகத் தேவைப்பட்டால் எட்டுப் பக்கம் குறைத்துக்கொள்ளலாம். எழுபது எண்பது பக்கத்துக்குள் உள்ள மெல்லிய மலர் என்றால் நடுவில் பின் அடித்தாலே நன்றாக உழைக்கும்.

வெளியீட்டுக்கு அப்புறம்

மாணவருக்குப் போனது போக, பத்துப் பிரதிகளைத் தொடாமல் எடுத்து வையுங்கள். கல்லூரி நூலகத்துக்கு இரண்டு, அதில் ஒன்று வெளியே எடுத்துப் போக முடியாத ரெஃபரன்ஸ் பகுதியில். ஒன்று உங்கள் ஊர் மாவட்ட மைய நூலகத்துக்கு. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்கள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் போக வேண்டும். 1896-ல் திறந்த கன்னிமாராவுக்கு ஒரு பிரதியை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்ப என்ன செலவாகிவிடும்? சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் எழுதிக் கேளுங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகங்களும் துண்டு வெளியீடுகளும்தான் அந்த நூலகத்தின் அடிப்படை.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-ல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. இன்று ஈழத்துப் பள்ளி, பல்கலைக்கழக மலர்கள் பல நம் கைக்குக் கிடைக்கின்றன என்றால், ஆங்காங்கே வீடுகளில் இருந்த பிரதிகளைத் தேடி வாங்கி நூலகம் நிறுவனத்தார் ஸ்கேன் செய்து வைத்ததால்தான். ஒரே இடத்தில் எல்லாப் பிரதிகளும் இருக்க வேண்டாம்.

பி.டி.எஃப்.பை, இணையத்தில் படம் வேண்டாம் என்றவர்களின் படத்தை நீக்கிவிட்டு, கல்லூரி இணையதளத்தோடு இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ஏற்றிவிடுங்கள், தலைப்பில் கல்லூரி பெயர், ஊர், கல்வியாண்டு மூன்றும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். மூலப்படங்கள், சம்மதத் தாள்கள், லே-அவுட் கோப்பு, எழுத்துருக்கள், அந்தப் பெயர் சொல்லும் வீடியோக்கள் எல்லாம் இரண்டு ஹார்ட் டிஸ்கில், ஒன்று நூலகரிடம், இன்னொன்று பொறுப்பாசிரியர் கையில். ஜூலையில் அடுத்த குழு கூடும்போது அச்சக ரசீது, விளம்பரதாரர் பட்டியல், வெளியான பிறகு கண்ணில் பட்ட பிழைகளின் பட்டியல் ஆகியவற்றோடு பொறுப்பாசிரியர் கையிலுள்ள ஹார்ட் டிஸ்கையும் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். அந்தப் பிழைகளுக்கான திருத்தத்தை அடுத்த மலரின் முதல் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள், பெயர்ப்பிழை என்றால் இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில்.